ஒரு சுழியின் வழக்கு

எழுத்துப் பிழையைக் கண்டால் ஆசிரியர் சிவப்பு மையாற் சுழிப்பர். அத்துடன் அது தீர்ந்தது என்பது நம் எண்ணம். பதிவேட்டில் விழுந்த பிழையோ அவ்வாறு தீர்வதன்று. அது ஒருவனோடு பள்ளி செல்லும், மணவறை ஏறும், அவன் இறந்த பின்னும் மனையாளைத் தொடரும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாவலடி அம்மையார் ஒருவர் இரு பத்திரங்களுடன் எம் திண்ணைக்கு வந்தார். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அவர் கணவரைக் கொண்டுபோயிற்று. விவாகப் பத்திரத்திற் பெயர் கண்ணன். மரணப் பத்திரத்திற் கன்னன். “சுழி குறைஞ்சால் நான் அவருக்குப் பெண்சாதி இல்லையோ ஐயா?” என்றார். யாம் வாயடைத்தோம்.

பாண்டிருப்பிலும் பழுகாமத்திலும் திரௌபதியம்மன் சந்நிதியிற் பாரதக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதன் பொருள் விளங்காதா? கண்ணன் பார்த்தனுக்குத் தேர் செலுத்தியவன். கன்னன் துரியோதனன் பக்கம் நின்று மாண்டவன். ஒரு சுழி ஆளையே பாசறை மாற்றிவிட்டது!

இதற்குப் பரிகாரம் உண்டு. பிறப்பு, இறப்புப் பதிவுகளை 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமும், பொது விவாகப் பதிவை 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் ஆள்கின்றன. முஸ்லிம் சோதரரின் விவாகத்துக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் உளது. பிழை கண்டவர் உரிய விண்ணப்பத்தையும் சான்றுகளையும் பிரதேச செயலகத்து மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்தல் வேண்டும். பழைய எழுத்தைச் சுரண்டி அழிப்பதில்லை. திருத்தத்தையே குறித்து வைப்பர். சாமிநாதையர் பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டிய முறைமைக்கு இஃது உறவெனலாம்.

அம்மையாரின் வீட்டுப் பத்திரங்களை அலை வாரிச் சென்றிருந்தது. ஆயினும் மகனின் பிறப்புப் பதிவு அலுவலகத்து ஏட்டில் இருந்தது. தந்தை பெயரும் பெற்றோரின் விவாக விபரமும் அதில் உள. அதன் பிரதியே சாட்சியாயிற்று. பல மாதம் நடந்தபின் கன்னன் மீண்டும் கண்ணனானார்.

பிழை எங்ஙனம் புகுகின்றது? எழுதுபவர் செவிக்குப் பட்டதை எழுதுகின்றார். சொன்னவர் எழுதியதை வாசியாமலே ஒப்பமிடுகின்றார். துயர வேளையில் எவர் சுழி எண்ணுவர்? ஆதலின் மகப்பேறாயினும் மரணமாயினும், ஒப்பமிடுமுன் எழுத்தறிந்த ஒருவர் அருகிருந்து பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தல் வேண்டும். அவ்வொருவர் அயலிலுள்ள ஆசிரியராயின் நன்று.

ணகர னகர வேறுபாட்டை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கின்றோம். மாணாக்கர் கொட்டாவி விடுவர். இப்போது அப்பாடத்தை அம்மையாரின் வினாவோடு தொடங்குகின்றோம், கொட்டாவி வருவதில்லை.