மகனைத் தேடிக் கடல் கடந்த தாய்

மகன் வழிதவறிப் போனால் தாய் என்ன செய்வாள்? திட்டுவாள். அழுவாள். கடவுளிடம் முறையிடுவாள்.

1,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு தாய் இதையெல்லாம் செய்தார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஏறத்தாழ 17 ஆண்டுகள்! அதுவும் போதாதென்று மகனைத் தேடிக் கப்பலும் ஏறினார்.

அவர் பெயர் மோனிகா. குடும்பம் நடத்திய ஊர் தகாஸ்தே. வட ஆப்பிரிக்காவில் உள்ள அந்த ஊர் இன்று அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என்ற பெயரில் இருக்கிறது. கிறிஸ்தவ உலகம் போற்றும் புனித அகஸ்டின் இவருடைய மகன்தான். தாயைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி மகன் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவைத்த நூலிலிருந்து கிடைத்தது.

கோபக்காரக் கணவர்

மோனிகா கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கணவர் பத்ரிசியுஸ் வேறு மதம். முன்கோபி. வேறு பெண்களிடமும் போவார். கணவர் கோபத்தில் இருக்கும்போது மோனிகா வாய் திறக்கமாட்டார். தணிந்த பிறகு நடந்ததை எடுத்துச் சொல்வார்.

அந்த ஊரில் கணவனிடம் அடிபட்டு, முகத்தில் காயத்தோடு வரும் பெண்கள் பலர். “என்னைப்போல் இருந்துகொள்ளுங்கள்” என்ற முறையில் அவர்களுக்கு மோனிகா யோசனை சொன்னாராம். இந்த யோசனை நமக்குப் பிடிக்கவில்லை. அடிக்கிறவனை விட்டுவிட்டு அடிபடுகிறவளுக்குப் புத்தி சொல்வது என்ன நியாயம்?

மாமியார் விஷயத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். வேலைக்காரிகள் கோள்மூட்ட, மாமியார் முதலில் மருமகளை வெறுத்தார். மோனிகா பணிவிடை செய்துகொண்டே பொறுத்திருந்தார். கடைசியில் அந்த மாமியாரே மகனைக் கூப்பிட்டு, கோள் சொன்னவர்களைக் காட்டிக்கொடுத்தார்!

சாகுமுன் கணவரும் கிறிஸ்தவரானார். ஆனால் மகன்?

கனவு சொன்ன சேதி

அகஸ்டின் பிறந்தது 354-ல். படு கெட்டிக்காரன். மேற்படிப்புக்குக் கார்த்தேஜ் நகரம் போனான். அங்கே ஒரு பெண்ணோடு திருமணம் இல்லாமலே குடித்தனம். ஒரு மகனும் பிறந்தான். அதோடு, பாரசீகத்தில் தோன்றிய மானி மதத்திலும் சேர்ந்தான். ஒளி ஒரு சக்தி, இருள் ஒரு சக்தி, இரண்டுக்கும் ஓயாத போர் என்பது அந்த மதம். அதில் 9 ஆண்டுகள் கிடந்தான்.

தாய் மனம் கொதித்தது. என்னோடு பந்தியில் உட்காராதே என்று மகனை ஒதுக்கினார்.

அப்போது ஒரு கனவு. மோனிகா ஒரு மரச்சட்டத்தின்மேல் நின்று அழுகிறார். ஒளிவீசும் இளைஞன் ஒருவன் வந்து, கவலைப்படாதே, நீ நிற்கும் இடத்தில் உன் மகனும் நிற்பான் என்கிறான். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அகஸ்டின்!

மகனிடம் இதைச் சொன்னார். அவன் சாமர்த்தியசாலி அல்லவா? “நீ என் மதத்துக்கு வரப்போகிறாய் என்று அர்த்தம்” என்று மடக்கப் பார்த்தான். தாய் தயங்கவே இல்லை. நான் இருக்கும் இடத்துக்கு நீ வருவாய் என்றுதான் சேதி, உன் இடத்துக்கு நான் வருவேன் என்றல்ல என்று அடித்துச் சொல்லிவிட்டார். கனவைக் காட்டிலும் அந்தப் பதில்தான் தன்னை உலுக்கியது என்று பிற்காலத்தில் மகன் எழுதினார். மீண்டும் அவனை வீட்டில் சேர்த்துக்கொண்டார், ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

ஒரு பிஷப்பிடமும் போனார். “என் மகனோடு பேசுங்கள்” என்று அழுதார். இப்போது பேசிப் பயனில்லை, தானே படித்துத் தெளிவான் என்றார் அவர். மோனிகா விடவில்லை. பிஷப் சலித்துக்கொண்டு, இத்தனை கண்ணீர் வடித்துக் காத்த பிள்ளை கெட்டுப்போகமாட்டான், போய் வாருங்கள் என்றார். சலிப்பில் வந்த வார்த்தைதான். மோனிகாவோ அதை வானத்திலிருந்து வந்த வாக்காக எடுத்துக்கொண்டார்.

கரையில் ஓர் அழுகை

383-ல் அகஸ்டின் ரோமுக்குப் புறப்பட்டான். போகாதே, போனால் என்னையும் அழைத்துப்போ என்று தாய் கையைப் பிடித்துக்கொண்டார். நண்பனை வழியனுப்ப வந்தேன் என்று பொய் சொன்னான். பக்கத்துக் கோவிலில் அவரைத் தங்க வைத்தான். தாய் அங்கே அழுது ஜெபித்துக்கொண்டிருக்க, இரவோடு இரவாகக் கப்பல் போய்விட்டது!

விடிந்ததும் கரையில் நின்று கதறினார். பிறகு என்ன செய்தார்? தாமும் கப்பல் ஏறினார். நடுக்கடலில் புயல். வழக்கமாகப் பயணிகளுக்கு மாலுமிகள் தைரியம் சொல்வார்கள். அன்று மாலுமிகளுக்கு மோனிகா தைரியம் சொன்னார்.

மிலான் நகரில் மகனைக் கண்டார். அங்கே பிஷப் அம்புரோஸின் பேச்சைக் கேட்டு, மகன் மனம் இளகிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. மகனுக்கு நல்ல இடத்தில் பெண் பேச மோனிகா முனைந்தார். அதனால் அவனோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவள் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டாள். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள். அவள் பெயரைக்கூட அகஸ்டின் எழுதிவைக்கவில்லை. அவளும் ஒரு தாய்தானே? அவள் கண்ணீருக்கு யார் ஆறுதல் சொன்னார்கள்?

பேசிய அந்தத் திருமணமும் நடக்கவில்லை. 386-ல் ஒருநாள் தோட்டத்தில் அகஸ்டினின் மனம் அடியோடு மாறியது. உள்ளே ஓடிப்போய்த் தாயிடம்தான் சொன்னார். 387 ஈஸ்டரின்போது மகனும் பேரனும் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றார்கள்.

ஊர் திரும்பவில்லை

ஊருக்குக் கிளம்பினார்கள். ரோமுக்கு அருகே ஓஸ்தியா துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். தாயும் மகனும் ஒரு ஜன்னலோரம் நின்று, கீழே தோட்டத்தைப் பார்த்தபடி மறுமை வாழ்வைப் பற்றிப் பேசினார்கள். இனி எனக்கு இங்கே ஆசை எதுவுமில்லை, நீ மனம் மாறியதைப் பார்த்துவிட்டேன் என்றார் மோனிகா.

சில நாளில் காய்ச்சல் கண்டது. கணவரின் சமாதிக்குப் பக்கத்தில் தமக்கும் இடம் வைத்திருந்தவர் அவர். எத்தனையோ ஆண்டு ஆசை அது. ஆகவே, சொந்த ஊரில் கண்மூடினால் நல்லது என்றார் அகஸ்டினின் சகோதரர். மோனிகா அவரைக் கடிந்துகொண்டார். உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், வழிபாட்டில் மட்டும் என்னை நினையுங்கள் என்றார். அயலூரில் கிடக்கப் பயமில்லையா என்று முன்பே நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். கடவுளுக்கு எந்த ஊர் தூரம் என்ற பொருளில் அவர்களுக்குப் பதில் சொல்லியிருந்தார்.

காய்ச்சலின் ஒன்பதாம் நாள் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு 56-ஆவது வயது நடந்துகொண்டிருந்தது. பேரன் ஓவென்று கத்தினான். அகஸ்டின் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினார். அடக்கம் முடிந்தது. குளித்துப் பார்த்தார், துக்கம் போகவில்லை. தூங்கி எழுந்த பிறகுதான், தனியே, தாய்க்காக அழுதார்.

அவருடையவை என நம்பப்படும் எலும்புகள் 1430-ல் ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டன. அவர் கல்லறைக் கல்லை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1945-ல் ஓஸ்தியாவில் சிறுவர்கள் விளையாட்டுக் கம்பம் நடக் குழி தோண்டினார்கள். மண்ணுக்குள்ளிருந்து ஓர் உடைந்த பளிங்குக்கல் வந்தது. அதில் இருந்தது மோனிகாவின் கல்லறை வாசகம்.