பொங்கல் முடிஞ்சதும் காணாமல் போகும் பனங்கிழங்கு... வருஷம் முழுக்க சாப்பிட முடியுமா?

மார்கழி கடைசி வந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ரோட்டோரக் கடைகளில் கரும்பு, மஞ்சள் கொத்து பக்கத்திலேயே பனங்கிழங்கு கட்டுகளும் வந்து இறங்கிவிடும். தை மாதம் தாண்டினால் ஆளையே காணோம். விற்காமல் தங்கியது வாடி, நாரேறி வீணாகிவிடும். ஆனால் இதே கிழங்கை யாழ்ப்பாணத் தமிழர்கள் மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். எப்படி?

பனங்கிழங்கு எப்படி உருவாகிறது?

இது உருளைக்கிழங்கு மாதிரி நிலத்தடித் தண்டில் காய்ப்பது இல்லை. பனம்பழக் கொட்டைகளை மணல் பாத்தியில் அடுக்கி மண் போட்டு மூடுவார்கள். கொட்டையில் இருந்து முளை கீழ்நோக்கி இறங்கும். கொட்டைக்குள் இருக்கும் சத்து, மாவுச்சத்தாக அந்த முளையில் சேரும். மூன்று, நான்கு மாதத்தில் தோண்டி எடுத்தால் கிழங்கு ரெடி. ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை வரை இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கிழங்கு. பொறுக்காமல் விட்டால் அத்தனையும் மரத்தடியிலேயே வீண்.

யாழ்ப்பாணத்தில் என்ன செய்கிறார்கள்?

கிழங்கைப் பச்சையாகவே பிளந்து வெயிலில் காயவைத்தால் அது ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி பிட்டு அவிப்பார்கள். மீன், நண்டு, இறால், காய்கறி எல்லாம் போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழ் அங்கே ரொம்ப ஃபேமஸ். அரிசி தட்டுப்பாடான காலங்களில் வயிற்றை நிரப்பியதும் இந்த மாவுதான்.

ஆராய்ச்சி ஏன் பின்தங்கியது?

பனை நம் மாநில மரம். ஆனாலும் அது பூக்கவே 12 முதல் 15 வருஷம், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். அதுவரை ஆண் மரமா, பெண் மரமா என்றே தெரியாது. அதனால் நெல் மாதிரி வேகமாகப் புது ரகம் உருவாக்க முடிவதில்லை. இலங்கையில் 1978-ல் பனை அபிவிருத்திச் சபை தொடங்கப்பட்டது. இங்கே தூத்துக்குடி மாவட்டம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பனை ஆராய்ச்சி நடக்கிறது. 2021 வேளாண் பட்ஜெட்டில் பனை வளர்ப்புக்குத் தனித் திட்டம் வந்தது. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என்றும் அறிவிக்கப்பட்டது.

மாவு வாங்கும்போது எதில் கவனம்?

இங்கேதான் உஷாரா இருக்கணும். பச்சையாகக் காயவைத்த மாவை எலிகளுக்குக் கொடுத்த இலங்கை ஆய்வுகளில் நரம்பு பாதிப்பு தெரிந்தது. மாவைச் சூடுபடுத்திக் கொடுத்த ஒரு ஆய்வில் அந்தப் பாதிப்பு இல்லை. எலிக்கு வந்தது மனிதருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. யாழ்ப்பாணத்திலும் ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, வேகவைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். எனவே பச்சை மாவை அப்படியே பாலில் கலந்து குடிக்க வேண்டாம்.

‘சுகருக்கு மருந்து’ என்று வரும் ஃபார்வர்டுகளையும் அப்படியே நம்ப வேண்டாம். நார்ச்சத்து இருந்தாலும் அடிப்படையில் இது மாவுச்சத்து. சர்க்கரை நோயாளிகள் சாதம், சப்பாத்தி கணக்கில்தான் இதையும் சேர்க்க வேண்டும். கோதுமையில் இருக்கும் குளூட்டன் இதில் கிடையாது என்பது ஒரு ப்ளஸ்.

வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமா. தோலை உரித்து, உப்பு, மஞ்சள்தூள் போட்டு நன்றாக அவிக்கவும். இரண்டாகப் பிளந்து, நடுத்தண்டையும் நாரையும் எடுத்துவிட்டு, சின்னத் துண்டுகளாக நறுக்கவும். மொட்டை மாடி வெயிலில் சத்தம் வர்ற அளவுக்குக் காய்ந்ததும் டப்பாவில் போட்டு மூடலாம். அப்படியே கொறிக்கலாம், தேங்காய், வெல்லத்துடன் இடித்துச் சாப்பிடலாம். அடுத்த தையில் ஒரு கட்டு கூடுதலாக வாங்கினால், சித்திரையிலும் வீட்டில் பனங்கிழங்கு இருக்கும்.