எஃகை முறித்த சுழிகள்

ஓடும் வாய்க்காலில் ஒரு மெல்லிய குச்சியை நேராகப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? குச்சி உங்கள் கையில் கிடுகிடுவென நடுங்கும். நீர் சீராகத்தானே ஓடுகிறது? பின் நடுக்கம் எப்படி வந்தது?

குச்சியின் பின்புறத்தை உற்று நோக்குங்கள். இடப்பக்கம் ஒரு சுழி, வலப்பக்கம் ஒரு சுழி என மாறி மாறித் தோன்றி நீரோடு போகும். சுழி உருவாகும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் குச்சி அப்பக்கம் இழுக்கப்படுகிறது. மறுகணம் எதிர்ப்பக்கம் இழுக்கப்படுகிறது. இச்சுழி வரிசையைக் கணித முறையில் ஆராய்ந்தவர் தியோடர் வான் கார்மன். அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

விநாடிக்கு எத்தனை முறை குச்சி ஆடும்? நீரின் வேகத்தைக் குச்சியின் விட்டத்தால் வகுத்து, 0.2 ஆல் பெருக்குங்கள். வேகம் விநாடிக்கு 2 மீட்டர், விட்டம் 1 சென்டிமீட்டர் என்றால், சுமார் 40 முறை!

தொழிற்சாலைக் குழாய்களுக்குள்ளும் வால்வின் தண்டு, வெப்பமானியின் உறை போன்றவை ஓட்டத்தின் குறுக்கே நிற்கின்றன. ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு ஏற்பத் தள்ளினால் ஆட்டம் பெருகும் அல்லவா? அதுபோல, சுழிகளின் தாளம் தண்டின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால் அதிர்வு பெருகிவிடும். இதுவே ஒத்ததிர்வு.

ஜப்பானின் மோஞ்சு அணு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று நடந்தது இதுதான். அங்கே ஒரு குழாயில் திரவ சோடியம் ஓடியது. அதனுள் நீட்டிக்கொண்டிருந்த வெப்பமானி உறையின் நுனிப்பகுதி 10 மில்லிமீட்டர் தடிமனே கொண்டது. சுழிகள் மாறி மாறிப் பிரிந்தால் உறை பக்கவாட்டில் ஆடும் என்பது பொறியாளர்கள் அறிந்ததே. ஆனால் அங்கே இருபுறச் சுழிகளும் ஒரே சமயத்தில் பிரிந்தன. உறை ஓட்டத்தின் திசையிலேயே முன்னும் பின்னும் அதிர்ந்தது. இதை வடிவமைப்பில் எவரும் கருதவில்லை. தடித்த பகுதி திடீரென மெலியும் இடத்தில் விரிசல் கண்டு, உறை முறிந்தது. வெளியே கசிந்த சோடியம் காற்றில் பட்டுத் தீப்பிடித்தது. நல்லவேளை, அந்தச் சோடியம் கதிரியக்கமுள்ளதன்று. எவருக்கும் காயமும் இல்லை. ஆயினும் உலை மீண்டும் இயங்க 2010 மே மாதம் ஆயிற்று! திடீர் மெலிவு இல்லாத, படிப்படியாகக் குறுகும் புதிய உறைகள் பொருத்தப்பட்டன.

சுழிகளை நாம் வேலையும் வாங்கலாம். குழாயினுள் வேண்டுமென்றே ஒரு சிறு தடையை வைத்து, விநாடிக்கு எத்தனை சுழிகள் பிரிகின்றன என்று எண்ணி, ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் கருவிகள் உண்டு. அதே சுழி, அதே கணக்கு!

அடுத்த முறை வாய்க்காலில் குச்சி நடுங்கும்போது, அந்த 10 மில்லிமீட்டர் எஃகை நினைத்துக்கொள்ளுங்கள்.