ஊர்ப் பெயர் இல்லாத நேரம்

லெபனானில் ஆண்டுதோறும் மார்ச் இறுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவது வழக்கம். 2023-இல் அம்மாற்றத்துக்கு மூன்று நாள்களே இருந்த நிலையில், ஏப்ரல் 20 வரை அதைத் தள்ளிவைப்பதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. அது ரமலான் மாதம். மாரோனியத் திருச்சபை இந்த அறிவிப்பை ஏற்க மறுத்து, வழக்கமான நாளிலேயே கடிகாரத்தை மாற்றிக்கொண்டது. சில தொலைக்காட்சிகளும் அவ்வாறே செய்தன. ஒரே நாட்டில் இரண்டு நேரங்கள்! அடுத்த சில நாள்களில் அரசு பின்வாங்கியது.

உலகின் கணினிகளும் கைப்பேசிகளும் பெரும்பாலும் தன்னார்வலர்கள் பராமரிக்கும் ஒரு நேர மண்டலத் தரவுத்தளத்தையே நம்பியுள்ளன. அரசின் முடிவைச் சேர்க்க ஒரு பதிப்பு, அதை நீக்க மற்றொரு பதிப்பு என ஒரே வாரத்தில் அவர்கள் இரண்டு பதிப்புகளை வெளியிட நேர்ந்தது.

எல்லா நேரத்தையும் உலகப் பொதுநேரமாக மாற்றிச் சேமிக்க வேண்டும் என்பது மென்பொருள் எழுதுவோர் முதலில் கற்கும் பாடம். நடந்து முடிந்தவற்றுக்கு அது சரியே. நடக்கவிருப்பவற்றுக்கு அது போதாது என்பதே என் கருத்து. பெய்ரூட்டில் ஏப்ரல் 5 காலை 10 மணிக்கு மருத்துவரைச் சந்திக்க ஒருவர் பிப்ரவரியிலேயே பதிவு செய்திருந்ததாகக் கொள்வோம். கோடைகால நேரத்தை எதிர்பார்த்து, மென்பொருள் அதை உலகப் பொதுநேரம் 7 மணி எனச் சேமித்திருக்கும். தள்ளிவைப்பு நீடித்திருந்தால் அதே பதிவு காலை 9 மணி என்று காட்டியிருக்கும். மருத்துவரோ 10 மணிக்குத்தான் வருவார். மனிதர்கள் ஒப்புக்கொண்டது சுவர்க் கடிகாரத்தின் 10 மணியை. ஆகவே அந்த எண்ணையும் ஊரின் பெயரையும் அப்படியே சேமித்து, தேவைப்படும்போது கணக்கிடுவதே முறை.

கோடைகால நேரம் இல்லாத நம் நாட்டில், ஐந்தரை மணி நேர வேறுபாட்டை நிரலிலேயே நிலையாக எழுதிவிடும் பழக்கத்தை நான் நிறையவே கண்டிருக்கிறேன். இதே ஐந்தரையில் இருந்த இலங்கை, 1996 மே மாதம் ஆறரைக்கும், அவ்வாண்டு அக்டோபரில் ஆறுக்கும் மாறி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. 2000-இல் கொழும்பில் பிறந்தவரின் பிறப்பு நேரத்தை இன்றைய வேறுபாட்டைக் கொண்டு கணக்கிட்டால் அரை மணி நேரம் பிழைபடும். ஜாதகம் கணிக்கும் மென்பொருளில் லக்கினமே மாறிவிடக்கூடும்.