சர்வர் கிளம்ப மறுத்தால்...

நம்மைப் போன்ற சங்கங்கள் பலவற்றில் உறுப்பினர் பட்டியலும் சந்தாக் கணக்கும் நூலகப் பதிவேடும் கணிப்பொறிக்குள் போய்விட்டன. இவற்றைக் கட்டிக்காக்கும் மென்பொருளைத் தகவல்தள சர்வர் என்பார்கள். இலவசமாகக் கிடைப்பதால் ‘மைஎஸ்க்யூஎல்’ என்ற சர்வரைப் பலர் வைத்திருக்கிறார்கள்.

இதன் புதிய பதிப்பை நிறுவி முடிக்கிறோம், சர்வர் கிளம்புவதில்லை. விண்டோஸ் ‘1067’ என்ற பிழை எண்ணைக் காட்டுகிறது. கிளம்பிய வேகத்திலேயே நின்றுவிட்டது என்பதுதான் அதன் பொருள். காரணம் அதில் இல்லை. உடனே பலர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவப் பார்க்கிறார்கள். அப்போது பழைய தகவல் கோப்புறையும் சேர்ந்து அழிந்தால், பல வருட உழைப்பு ஒரு நொடியில் போய்விடும்.

ரயில்வேயில் சிக்னல் பச்சைக்கு மாறாவிட்டால் அதைக் குறை சொல்ல மாட்டோம். பாயிண்ட் சரியாகப் பொருந்தியிருக்காது, அல்லது பாதையில் வண்டி நிற்கும். சிவப்பாகவே இருப்பதுதான் பாதுகாப்பு. சர்வரும் அப்படித்தான். ஏதோ ஒரு நிபந்தனை நிறைவேறவில்லை என்பதால் நிற்கிறது. அது எது என்று எழுதியும் வைக்கிறது.

அதை எழுதும் இடம் பிழைப் பதிவேடு. விண்டோஸில் இது வழக்கமாக ‘புரோகிராம்டேட்டா’ என்ற கோப்புறைக்குள், சர்வரின் ‘டேட்டா’ கோப்புறையில், கணிப்பொறியின் பெயருடன் ‘.இஆர்ஆர்’ என்று முடியும் கோப்பாக இருக்கும். புரோகிராம்டேட்டா சாதாரணமாகக் கண்ணில் படாது. மறைந்த கோப்புகளையும் காட்டும்படி முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். பதிவேட்டைத் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள். பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருக்கும்.

1. 3306 என்ற போர்ட்டை வேறொரு சர்வர் பிடித்திருக்கும். பழைய பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை நிறுத்துங்கள், இல்லையேல் புதியதற்கு 3307 கொடுத்து, அதைப் பயன்படுத்தும் மென்பொருளிலும் அந்த எண்ணையே குறிப்பிடுங்கள்.

2. ‘மை.ஐஎன்ஐ’ என்ற அமைப்புக் கோப்பில் சர்வருக்குப் புரியாத வரி இருக்கும். உதாரணமாக, 2018-ல் வெளிவந்த 8.0 பதிப்பில் ‘கொயரி கேஷ்’ வசதி நீக்கப்பட்டது. 5.7-லிருந்து அந்த வரியை அப்படியே நகல் எடுத்து வந்தால் சர்வர் கிளம்பாது. அந்த வரியை எடுத்துவிட்டால் போதும்.

3. தகவல் கோப்புறையை வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தால், அதில் எழுத சர்வருக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். கோப்புறையின் ‘செக்யூரிட்டி’ பகுதியில், சர்வர் எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அதற்கு அனுமதி கொடுங்கள்.

4. பழைய கோப்புகள் நிறைந்த கோப்புறையில் புதிய தளத்தைத் தொடங்க முயன்றிருப்போம். சர்வர் மறுத்துவிடும். பழையதை அழிக்காதீர்கள், புதியதற்கு வேறு காலிக் கோப்புறை கொடுங்கள். 5.6-ன் கோப்புகளை 8.0 நேரடியாக ஏற்காது என்பதும் நினைவிருக்கட்டும், 5.7 வழியாகத்தான் வர வேண்டும்.

எதைத் தொடுமுன்பும், சர்வர் நின்றிருக்கும்போதே தகவல் கோப்புறை முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். அதிலிருந்து சில கோப்புகளை மட்டும் எடுத்தால் பயனில்லை. மென்பொருளை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவலாம். அழிந்த பதிவேட்டை மறுபடி எழுத, அந்த விவரங்கள் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்க வேண்டுமே!