விதைக்கிழங்குக்கு வயது என்ன?

நீலகிரியிலிருந்து ஓர் உருளைக்கிழங்கு விவசாயி கேட்டிருக்கிறார்: "ஒரே ரகம், ஒரே காடு, ஒரே நாளில் நட்டது. ஒரு மூட்டை விதையில் ஒற்றைத் தண்டு. கிழங்கு கொஞ்சம்தான், ஆனால் பெரிசு. இன்னொரு மூட்டையில் புதராகத் தண்டு, நிறையப் பொடிக்கிழங்கு. விதையில் கலப்படமா?"

கலப்படமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மூட்டைகளின் வயதும் வேறாக இருந்தாலே இப்படி நடக்கும். வயது என்றால் அறுவடையிலிருந்து எண்ணும் மாதங்கள் அல்ல. குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் ஆறு மாதம் கிடந்த கிழங்கு, வெக்கையான கொட்டகையில் நான்கு மாதம் கிடந்ததைவிட இளையதாக இருக்கலாம். அறுவடைக்குப் பின் முளைக்காமல் கிடக்கும் உறக்கம் கலைந்தபின் 4 டிகிரிக்கு மேல் படுகிற வெப்பம் நாளுக்கு நாள் சேர்ந்து கிழங்கை முதுமையாக்குகிறது.

உறக்கம் கலையும்போது முதலில் விழிப்பது நுனிக்கண். அதன் முளையில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன், மற்றக் கண்களை அடக்கி வைக்கிறது. கூட்டுக்குடும்பத்தில் நெற்குதிரின் சாவி மூத்தவர் இடுப்பில் இருப்பதைப் போல: அவர் திடமாக இருக்கும்வரை வீட்டில் ஒரே அடுப்புதான். அவர் தளர்ந்தால், அல்லது நாமே அந்த முளையைக் கிள்ளிவிட்டால், தம்பிகள் ஆளுக்கோர் அடுப்பு மூட்டுவார்கள். ஆனால் எல்லாம் சாவியால் மட்டும் நடப்பதில்லை. கிழங்குக்குள் சர்க்கரையை ஏற்றிப் பார்த்த சோதனைகளில் முளைகள் கிளைத்தன. முதிர முதிர மாவுச்சத்து சர்க்கரையாகக் கரைகிறது. குதிரே ஒழுகும்போது சாவிக்கு என்ன வேலை? மிகவும் கிழடாகிவிட்டால் குடும்பம் வயலுக்கே போவதில்லை. இலை விடாமல், முளையிலேயே குட்டிக் கிழங்குகள் உருவாகிவிடும். பழைய குதிரின் நெல் புதுக் குதிருக்கு மாறியதோடு சரி. தாவர உலகில் இதைவிட விசித்திரமான முதுமையை நான் படித்ததில்லை.

வயலில் ஒவ்வொரு தண்டும் தனிச்செடிக்குச் சமம். தண்டு கூடினால் கிழங்கின் எண்ணிக்கை கூடும், பருமன் குறையும். இளைய விதை தாமதமாக முளைத்தாலும் நின்று வளரும். பருவம் நீண்டால் மகசூலில் முந்தும். முதிர்ந்த விதை விரைவில் கிழங்கு வைத்து விரைவில் பழுத்துவிடும். சீக்கிரம் தோண்டி விற்க நினைப்பவருக்கு அதுவே சரி. எல்லாருக்கும் பொருந்தும் 'சிறந்த வயது' என்று ஒன்று கிடையாது. முளை கிள்ளுவதும் ஒரு தடவையோடு நிற்கட்டும். ஒவ்வொரு கிள்ளலிலும் கிழங்கின் இருப்பு குறைகிறது.

வரலாற்றில் ஒன்றை மட்டும் சொல்லலாம். வட இந்தியச் சமவெளியில் அக்டோபரில் நடவு. சிம்லா மலை விதை அப்போதுதான் அறுவடையாகி உறக்கத்தில் கிடக்கும். வைரஸைப் பரப்பும் அசுவினிப்பூச்சி குறைந்த குளிர்காலத்தில் சமவெளியிலேயே விதைப்பயிர் எடுத்து, கோடை முழுவதும் குளிர்பதனத்தில் வைத்து நடும் முறையை உருளைக்கிழங்கு விஞ்ஞானி புஷ்கர்நாத் உருவாக்கினார். அசுவினியையும் வைரஸையும் வென்ற கதையாக இதைச் சொல்கிறார்கள். நடவு நாளில் விதை சரியான வயதில் இருந்ததற்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

இப்போது, மண்ணில்லாமல் காற்றில் வேர் தொங்கவிட்டு வளர்க்கும் குறுங்கிழங்கு விதையைப் பற்றி ஆரவாரமாகச் செய்திகள் வருகின்றன. நோயற்ற விதை என்பது உண்மையான நன்மை. மகசூல் கொட்டும் என்று தாவுவதைத்தான் நம்ப முடியவில்லை. ஒரே செடியில் வாரக்கணக்கில் பலமுறை பறிக்கிறார்கள். சிறிய கிழங்கு பெரியதைவிட நீண்ட நாள் உறங்கும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டினால் வயலில் ஒன்று முளைக்கும்போது பக்கத்துக் கிழங்கு தூங்கும். பறித்த தேதிவாரியாக, அளவுவாரியாகப் பிரித்து, முளைவிட்ட பிறகு நட்டால்தான் கொடுத்த காசுக்குப் பயன் கிடைக்கும்.