பெற்ற மனமும் வளர்க்கும் மனமும்

நம் வில்லியனூர் லூர்து அன்னையின் திருத்தலத்தில், மழலைச் செல்வம் வேண்டி மெழுகுவர்த்தி ஏற்றும் தம்பதியரைப் பார்த்திருக்கிறோம். பெற்ற குழந்தையை வளர்க்க வழியின்றி, ஊரார் பேச்சுக்கு அஞ்சி, தனிமையில் கண்ணீர் வடிக்கும் தாய்மாரும் உண்டு. இவ்விரு துயரங்களுக்கும் நடுவே, ஒன்றுமறியாத ஒரு பச்சிளங்குழந்தை! இம்மூவரையும் காப்பதே முறையான தத்தெடுத்தல்.

பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992-ஆம் ஆண்டு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அத்தொட்டில்களில் விடப்பட்ட குழந்தைகள் பலர் தத்துப் பெற்றோரின் இல்லங்களில் வளர்ந்தனர். ஆனால் தொட்டிலில் விட்டுச் சென்ற தாயின் கண்ணீரைத் துடைப்பார் யார்?

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அந்தத் தாயையும் நினைவில் கொள்கிறது. வளர்க்க இயலாத நிலையிலுள்ள தாய், குழந்தை நலக் குழுவின் முன் தன் நிலையைக் கூறலாம். குழுவினர் முதலில் ஆலோசனை வழங்குவர். குழந்தையை ஒப்படைத்துக் கையொப்பமிட்ட பின்னரும், மனம் மாறினால் திரும்பப் பெற அவருக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அவருடைய அடையாளமும் காக்கப்படும்.

தத்தெடுக்க விரும்புவோர் ‘காரா’ எனப்படும் மத்திய ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சமூகப் பணியாளர் அவர்களது இல்லத்துக்கு வந்து விசாரிப்பார். 2022 முதல் மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை வழங்குகிறார். அதன்பின் இரண்டாண்டுகள், ஆறு மாதத்திற்கொரு முறை குழந்தையின் நலம் விசாரிக்கப்படும். இது சந்தேகத்தால் அன்று. புதிய பெற்றோருக்குத் துணை நிற்கவே.

இவற்றையெல்லாம் விடுத்து, “தெரிந்தவர் மூலம் ஒரு குழந்தை கிடைக்கிறது” என்று கைமாற்றிக்கொள்வது, மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும். அப்படி வந்த குழந்தைக்கு வாரிசுரிமையும் இராது. பெற்றவளுக்கு மறுசிந்தனைக்கு நேரமும் இராது.

முன்னாளில் கிறிஸ்தவப் பெற்றோர் பொதுவாக 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. இளைஞர் நீதிச் சட்டம் 2006-இல் திருத்தப்பட்ட பின், எம்மதத்தாரும் முழு உரிமையுள்ள பெற்றோராகலாம் என்ற நிலை வந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அன்புத் தோழியரே, புனித சூசையப்பர் வளர்ப்புத் தந்தையே. அவரது அன்பில் குறை கண்டவர் யார்? ஆகவே, “நீ தத்துப்பிள்ளைதானே” என்று எந்தத் தோழியின் மனத்தையும் நாம் புண்படுத்தலாகாது. பிள்ளையை ஒப்படைத்த தாயைப் “பாவி” என்று தூற்றுவதும் வேண்டாம். பிள்ளை வாழட்டும் என்று பிரிவைத் தாங்கியவர் அவர். உதவி தேடும் தாய் எவரேனும் நம் தெருவில் இருந்தால், 1098 என்ற எண்ணை அவரிடம் மெல்லச் சொல்வோம். ஓர் உயிரைக் காக்க அதுவும் ஒரு வழியன்றோ!